மான்பல் பூ தொடங்கும் தூரம்

ஸ்தெஷரேன், 13 ஏப்ரல் 2003

அன்புள்ள அக்கா வெத்தூரியாவுக்கு,

சபின் எழுதுகிறேன். நானும் என் மனைவி அவ்ரேலியாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். துரின் நகரத்துப் படிக்கட்டுகளில் உன் முழங்கால் எப்படி ஒத்துழைக்கிறது, நீ வெளிநாட்டு வேலைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளும் ஒர்னெல்லா அம்மாள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்பதை மறக்காமல் எழுது.

நேற்று சனிக்கிழமை, இருபத்தெட்டாவது முறையாக நம் காட்டில் பூ எண்ணினேன். முறையில் மாற்றம் எதுவும் இல்லை. தெற்கு ஓரத்தில் 1976-இல் அப்பா ஊன்றிய முதல் முளையில் தொடங்கி, காட்டின் நடு வரை நூற்றிருபது மீட்டருக்குக் கயிறு. கயிறு எந்தக் கிளையிலும் படாமல் நேராகக் கிடக்க வேண்டும். ஐந்து மீட்டருக்கு ஒருமுறை ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தைத் தரையில் வைத்து, அதற்குள் இருப்பதை மட்டும் எண்ண வேண்டும். சட்டத்துக்கு வெளியே பார்க்கவே கூடாது என்பார் அப்பா. பார்த்தால் கை தானாக அங்கே போய்விடுமாம்.

கணக்கு இது: 1976-இல் முதல் மான்பல் பூ பதினைந்தாவது மீட்டரில் இருந்தது. அப்பா இறந்த 1989-இல் நாற்பத்தைந்தாவது மீட்டரில். நேற்று எண்பத்தைந்தாவது மீட்டர் வரை ஒன்றுகூட இல்லை. அதுவரை காஞ்சொறியும் ஒட்டுப்புல்லும் மட்டுமே.

பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் நீ புத்தகப் பையை என் தோளில் மாட்டிவிட்டுக் காட்டுக்குள் ஓடுவாய். நான் இரண்டு பைகளோடு ஓரத்தில் நிற்பேன். புள்ளி விழுந்த இரண்டு இலைகளும் நடுவில் தலைகுனிந்த ஒரு ஊதாப் பூவுமாகத் தரை முழுவதும் அதுதான். "மானுக்குப் பல் விழுந்த இடத்துல இது முளைக்குமாம்டா, நீயும் ஒண்ணு போட்டுப் பாரு" என்று சொல்லி என் ஆடிய பல்லை நீதான் பிடுங்கினாய். முளைக்கவில்லை. அதையும் நான் அடுத்த ஆண்டு சரிபார்த்தேன்.

அந்தப் பூ விதையிலிருந்து பூவாக ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். விதையைச் சுமப்பது எறும்பு. ஆண்டுக்கு ஒரு மீட்டர் நகர்ந்தால் அதிகம். ஆகவே அது ஒருமுறை பின்வாங்கினால் திரும்பி வருவதைப் பார்க்க நம் ஆயுள் போதாது. காடோ ஆறே ஹெக்டேர்; சுற்றிலும் மக்காச்சோள வயல். வெயிலும் காற்றும் வயலின் உரமும் நுழைகிற தூரத்துக்குத்தான் ஓரம் என்று பெயர். ஓரம் உள்ளே வர வர நடு சுருங்குகிறது. இன்னும் முப்பத்தைந்து மீட்டர் போய்விட்டால் நம் காட்டுக்கு நடு என்று ஒன்று இராது, முழுவதும் ஓரமாகிவிடும்.

காரணம் எனக்குத் தெரியும். தெற்கு ஓரத்தை ஒட்டிய பக்கத்து நிலத்தில் இயெரோனிம் தன் தேனீக்களுக்காக வளர்த்திருக்கும் நாற்பது அகேசியா மரங்கள். அவற்றின் வேர் மண்ணை உரமாக்குகிறது. அந்த உரத்தில் காஞ்சொறி கொழுக்கிறது. அரசு எடுத்துக்கொண்ட காடுகளைத் திருப்பித்தந்த சட்டத்தின்படி தாத்தாவின் காடு இரண்டு ஆண்டுகளுக்கு முன் நம் இருவர் பெயருக்கும் சரிபாதியாக வந்திருப்பதால், உரிமையாளன் என்ற முறையில் அந்த மரங்களை வெட்டச் சொல்லி வனத்துறைக்குப் புகார் எழுதப்போகிறேன்.

ஈஸ்டருக்கு முன் இது உன் கைக்குக் கிடைத்தால் மகிழ்ச்சி.

உன் உடல்நலம் வேண்டும் தம்பி,
சபின்

*

துரின், 11 மே 2003

அன்புத் தம்பி சபினுக்கு,

கிறிஸ்து உயிர்த்தார். நீ எண்ணிக்கொண்டிருக்கும்போதுதான் அவர் உயிர்த்திருப்பார், கவனித்திருக்கமாட்டாய்.

முழங்கால் என்னைத் தாங்குகிறது, நான் ஒர்னெல்லா அம்மாளைத் தாங்குகிறேன். அவருக்கு எண்பத்தெட்டு வயது; நாக்குக்கு மட்டும் இருபது. ஈஸ்டருக்கு நம் ஊர் முறையில் வால்நட் வைத்து இனிப்பு ரொட்டி சுட்டேன். "வெத்தூரியா, இது ரொட்டியா, தலகாணியா?" என்றார். பாதித் தலகாணியைத் தின்றும் முடித்தார். இங்கே ஆற்றங்கரைப் பூங்காவில் மரங்கள் வரிசையாக நிற்கின்றன. அடியில் புல்லை வெட்டி வைத்திருக்கிறார்கள். தலைகுனிந்த பூ எதுவும் கிடையாது; எல்லாம் நிமிர்ந்து நின்று பார்க்கிற பூக்கள்.

பல் கதையை நீ எழுதியதும் சிரித்துவிட்டேன். அந்தப் பல்லை நீ புதைத்த இடத்தில் ஒரு குச்சி நட்டுத் தேதி எழுதிவைத்தாய். அப்போது உனக்கு ஆறு வயது.

ஒன்று கேட்கிறேன். வடக்குப் பக்கம், ஓடையை ஒட்டிக் கொட்டைப் புதர்கள் இருக்கின்றனவே, அதற்குப் பின்னால் எண்ணிப் பார்த்தாயா? அங்கே ஓரத்திலேயே பூ இருக்கும்.

அவ்ரேலியாவிடம் அன்பைச் சொல். குளிர் விட்டுவிட்டது என்று கம்பளிச் சட்டையை அதற்குள் பெட்டியில் போட்டுவிடாதே.

அக்கா,
வெத்தூரியா

*

ஸ்தெஷரேன், 8 ஜூன் 2003

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் பதினாறு நாளில் வந்தது. நீ நலம் என்று படித்து மன நிறைவடைந்தேன். இங்கும் குறையில்லை, கம்பளிச் சட்டை வெளியில்தான் இருக்கிறது.

வடக்குப் பக்கம் எண்ணியதில்லை, எண்ணவும் முடியாது. கோடு ஒன்றுதான். ஆண்டுக்கு ஓர் இடத்தில் எண்ணினால் ஒப்பிட எதுவும் மிஞ்சாது.

புகாரை மே 20 அன்று நேரில் கொடுத்து ஒப்புதல் முத்திரை பெற்றேன். மறுவாரம் அகேசியா பூத்திருந்தபோது வேலியோரமாகப் போனேன். இயெரோனிம் தேனடைச் சட்டத்தைக் கையில் தூக்கிப் பிடித்திருந்தார். நடந்த பேச்சை உள்ளபடி எழுதுகிறேன்.

"வாத்தியாரே, கடுதாசி போட்டாச்சாமே?"

"ஆமா. மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல. நகல் வேணும்னா தர்றேன்."

"நகல் எதுக்கு? உன் கையெழுத்துல என் மேல வர்ற ரெண்டாவது கடுதாசி இது. மொத கடுதாசிக்குப் பதினோரு மாசம் உள்ள இருந்தேன். இதுக்கு எவ்வளவு போட்டிருக்க?"

"இது உங்க மேல இல்ல. மரத்து மேல."

"அதுவும் மரத்து மேலதான்பா! உங்கக்காவுக்குன்னு கட்டின வீடு, கூரை இல்லாம நாலு வருஷம் மழையில நின்னுது. அப்புறம் சுவரையே இடிச்சுப் பன்னிக் கொட்டாய் போட்டேன்."

தேன்பெட்டிகளுக்கு அப்பாலிருந்து அவர் மனைவி சவெத்தா குரல் கொடுத்தார்: "பேனாவ வேலிக்கு வெளிய வெச்சுட்டு உள்ள வரச் சொல்லுய்யா, காப்பி ஆறுது!"

நான் உள்ளே போகவில்லை.

அவர் சொன்ன முதல் கடிதம் எது என்பது உனக்குத் தெரியாததல்ல. இருப்பினும் ஒழுங்காகப் பதிவு செய்துவிடுகிறேன். 1975 ஆகஸ்டில் அவர், அப்போது அரசிடம் இருந்த நம் காட்டில், வீட்டு உத்தரத்துக்காக இரண்டு ஓக் மரங்களை வெட்டினார். அப்பா காய்ச்சலில் படுத்திருந்தார். வனக்காவலரின் மகன் என்ற முறையில் அறிக்கையை நான் எழுதினேன். மரங்களின் எண்ணிக்கை, சுற்றளவு, வெட்டிய தேதி மூன்றும் சரியாக இருந்தன. உத்தரம் யாருக்கான வீட்டுக்கு என்ற கேள்வி படிவத்தில் இல்லை. அடுத்த வசந்தத்தில் நீ நகரத்துச் செருப்புத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாய். அதே வசந்தத்தில்தான் அப்பாவும் நானும் முதன்முறையாகக் கயிறு கட்டினோம்.

அப்பா அந்த அறிக்கையைப் பற்றி என்னிடம் ஒருநாளும் பேசவில்லை. கயிற்றின் மறுமுனையை மட்டும் பிடித்துக்கொண்டு, "நேரா பிடி, நேரா பிடி" என்பார்.

அங்கே வெயில் கூடியிருக்கும். தண்ணீர் நிறையக் குடி.

தம்பி,
சபின்

*

ஸ்தெஷரேன், 17 ஆகஸ்ட் 2003

அன்புள்ள அக்காவுக்கு,

எங்கள் நலம் முன் எழுதியபடியே. உன் நலம் தெரியவில்லை. ஜூன் கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. அஞ்சலில் தவறியிருக்கலாம் என்று நகலை இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஐரோப்பாவெங்கும் இந்தக் கோடையில் முதியவர்கள் வெப்பத்தால் இறப்பதாக வானொலி சொல்கிறது. ஒர்னெல்லா அம்மாளின் சன்னல்களைப் பகலில் மூடி வை. உன்னுடையதையும்.

வனத்துறையிலிருந்து வந்து பார்த்தார்கள். என் இருபத்தெட்டு ஆண்டுப் பட்டியலைக் கண்டு வியந்தார்கள். காட்டிலிருந்து முப்பது மீட்டருக்குள் உள்ள அகேசியா மரங்கள் அனைத்தையும் வரும் மார்ச் முதல் தேதிக்குள் வெட்ட வேண்டும் என்பது உத்தரவு. நாற்பதும் அந்த முப்பது மீட்டருக்குள்தான் வருகின்றன. மரம் போனால் இயெரோனிமின் தேனீக்களுக்கு இங்கே வேலையில்லை; பெட்டிகளை விற்கவேண்டி வரும் என்று சவெத்தா கடைத்தெருவில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். நான் ரொட்டி வாங்கிக்கொண்டிருந்தேன். வருத்தமான விளைவுதான். ஆனால் பூவுக்காகப் பேச வேறு யாருமில்லை.

இரண்டு வரியாவது எழுது.

சபின்

*

துரின், 28 செப்டம்பர் 2003

தம்பிக்கு,

அஞ்சலில் எதுவும் தவறவில்லை. இரண்டும் வந்தன. ஒர்னெல்லா அம்மாள் ஜூலையில் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. நேரமில்லை. இப்போது நடக்கிறார்.

உன் ஜூன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். எண்ணிக்கை, சுற்றளவு, தேதி எல்லாம் சரியாக இருக்கின்றன.

ஒன்றே ஒன்று செய். மரத்தை வெட்டுவதற்கு முன் ஒரு ஏப்ரல் வரட்டும். வடக்குப் பக்கம் போய் எண்ணு. பிறகு என்ன வேண்டுமானாலும் செய்துகொள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

வெத்தூரியா

*

ஸ்தெஷரேன், 26 அக்டோபர் 2003

அன்புள்ள அக்காவுக்கு,

ஒர்னெல்லா அம்மாள் நடக்கிறார் என்பது நற்செய்தி. அவ்ரேலியா கத்தரிக்காயும் மிளகாயும் சுட்டு அரைத்துக் குளிர்காலத்துக்குப் பதினேழு புட்டி அடைத்திருக்கிறாள். பேருந்தில் துரினுக்குப் போகிறவர் எவரேனும் அகப்பட்டால் இரண்டு புட்டி அனுப்புகிறேன்.

உன் கோரிக்கையை நன்றாக யோசித்தேன். உத்தரவை ஒத்திவைக்கும்படி புகார் கொடுத்தவர் விண்ணப்பிக்கலாம்; அதற்கு இடம் இருக்கிறது. ஆனால் காரணம் எழுத வேண்டும். என் அக்கா கேட்டுக்கொண்டார் என்பது காரணம் ஆகாது. வேறு காரணம் என்னிடம் இல்லை.

நீ எதையோ சொல்லாமல் விடுகிறாய் என்று தோன்றுகிறது. சொன்னால் பரிசீலிப்பேன்.

தம்பி,
சபின்

*

துரின், 23 நவம்பர் 2003

அன்புத் தம்பிக்கு,

நலமாக இருக்கிறேன். கத்தரிக்காய்ப் புட்டிகள் வந்தன. ஒர்னெல்லா அம்மாள் ஒரு கரண்டி எடுத்துவிட்டு, "இத்தனை நாளா இதை எங்கடி ஒளிச்சு வெச்சிருந்த?" என்றார். அவ்ரேலியாவிடம் சொல்.

காரணம் கேட்டாய். ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே தேவாலயத்துக்குப் பின்னால் நம் ஊர்ப் பெண்கள் கூடுவோம். ஒருத்தி முன்பு நோட்டரி அலுவலகத்தில் இருந்தவள். இப்போது தாத்தா ஒருவருக்குச் சவரம் செய்துவிடுகிறாள். அவளிடம் கேட்டேன். "பிரிக்காத சொத்துன்னா ரெண்டு பேரும் சேர்ந்துதான்டி கையெழுத்துப் போடணும். ஒருத்தர் மட்டும் போட்ட புகாரை வெச்சு அடுப்புதான் பத்தவெக்கலாம்" என்றாள்.

காடு பாதி என்னுடையது. உன் புகாரில் என் கையெழுத்து இல்லை. நான் போடவும் இல்லை, போடப்போவதும் இல்லை.

இந்தக் காரணம் போதுமா?

அக்கா,
வெத்தூரியா

*

ஸ்தெஷரேன், 14 டிசம்பர் 2003

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் கிறிஸ்துமஸ் வாழ்த்து. முழங்காலுக்கு ஆட்டுக்கொழுப்புத் தைலம் அனுப்பியிருக்கிறேன். வாடை அதிகம், பலனும் அதிகம்.

சட்டத்தைப் பார்த்தேன். நீ சொன்னது சரி. உன் பங்குக்கு உன் ஒப்புதலைப் பெறாமல் புகார் அளித்தது என் தவறு. அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இதை நானே அலுவலகத்தில் தெரிவித்தேன். உத்தரவு ஏப்ரல் 30 வரை நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. அதற்குள் நாம் இருவரும் கையெழுத்திட்டுக் கொடுக்கவோ திரும்பப் பெறவோ வேண்டும்.

ஐம்பது வயதில் ஒரு நடைமுறைப் பிழை செய்துவிட்டேன். இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

வடக்குப் பக்கம் எண்ணுகிறேன். உன் கையெழுத்துக்காக அல்ல. கேள்வி கேட்கப்பட்டுவிட்டது, பதில் இருக்க வேண்டும்.

சபின்

*

ஸ்தெஷரேன், 4 ஏப்ரல் 2004

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதம் உன்னை நலத்தோடு கண்டடையட்டும். என் நலத்தைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

நேற்று எண்ணினேன். வடக்கு ஓரத்துக்குப் போகும் ஒரே வழி இயெரோனிமின் தேன்பெட்டிகளுக்கு நடுவே என்பதால் அவரிடம் அனுமதி கேட்டேன்.

"எழுதித் தரணுமா, வாயால சொன்னா போதுமா?" என்றார்.

"வாயால போதும்."

"முன்னேறியிருக்க," என்றவர், நான் கேட்காமலேயே கூட வந்தார். அளவு நாடாவின் ஒரு முனையை வாங்கிப் பிடித்துக்கொண்டார்.

கொட்டைப் புதர்களுக்குப் பின்னால், ஓரத்திலிருந்து நான்காவது மீட்டரில், முதல் மான்பல் பூ இருந்தது. பத்தாவது மீட்டரில் சட்டத்துக்குள் முப்பத்தொன்று. அதற்கப்பால் எண்ண முடியவில்லை. கால் வைக்கவே இடமில்லை. பள்ளிக்கூடப் பையோடு நின்ற நாளுக்குப் பிறகு அப்படி ஒரு தரையை நான் பார்க்கவில்லை.

இருப்பினும் சொன்னேன்: "இது வடக்கு. வெயில் குறைச்சல். தெற்கோட ஒப்பிடக்கூடாது."

அவர் சிரித்தார். "நீ இதத்தான் சொல்லுவேன்னு சவெத்தா காலையிலேயே சொல்லிட்டா. சரி, வா. தெற்குப் பக்கமே போவோம். என் மரத்துக்கு நேர் பின்னாடி எண்ணு. உன் கயித்துலேர்ந்து அறுவது மீட்டர் தள்ளி. அந்தப் பக்கம் மனுசன் நடந்தே நான் பாத்ததில்ல."

போனோம். அவருடைய அகேசியா மரங்களுக்கு நேர் பின்னே, அதே வெயிலில், அதே மண்ணில் நாடாவை விரித்தேன். பதினான்காவது மீட்டரில் பூ இருந்தது. நான் நாடாவை மடித்து மீண்டும் விரித்து இரண்டாம் முறையும் அளந்தேன்.

"எவ்வளவு?"

"பதினாலு."

"உன் கோட்டுல?"

"எண்பத்தஞ்சு."

"ரெண்டுக்கும் முன்னாடி அதே என் மரந்தான் நிக்குது, வாத்தியாரே."

பிறகு காட்டின் உள்வழியாகவே என் கோட்டை நோக்கி நடந்தோம். அக்கா, இருபத்தெட்டு ஆண்டுகளில் அந்தக் கோட்டை நான் பக்கவாட்டிலிருந்து பார்த்ததே இல்லை. எப்போதும் முதல் முளையிலிருந்து நேராக நடந்து, நேராகத் திரும்பியிருக்கிறேன். நிழலுக்குள் வந்துகொண்டிருந்தபோது முன்னால் வெளிச்சம் தெரிந்தது. காடு முடிந்து வயல் வந்துவிட்டது என்று நினைத்தேன். அது என் கோடு.

கயிறு நேராகக் கிடக்க ஒவ்வொரு மார்ச்சிலும் இரண்டு பக்கமும் ஒரு கை நீளத்துக்குக் கிளைகளை வெட்டியிருக்கிறேன். வழியில் முளைத்த இளமரங்கள் பதினொன்றை அகற்றியிருக்கிறேன். வயலைக் கடந்து வந்த காலணியோடு, அதில் ஒட்டிய விதைகளோடு, ஐந்து மீட்டருக்கு ஒரு முறை மண்டியிட்டிருக்கிறேன். அந்த இடைவெளி ஒரு வருடம்கூட மூடிக்கொள்ள நான் விடவில்லை. வெயில் இறங்கியது, காஞ்சொறி வந்தது, கோட்டின் இரண்டு பக்கமும் பத்துப் பன்னிரண்டு மீட்டர் பரவி, முட்புதரை வேலியாகக் கட்டிக்கொண்டது. அந்த வேலிக்கு மறுபுறம் பூ இருக்கிறது. காட்டின் ஓரம் தானாக உள்ளே வரவில்லை. கையில் சட்டத்தோடு நான்தான் அதை நடுவரைக்கும் அழைத்துப்போயிருக்கிறேன். ஆண்டுதோறும் அது எவ்வளவு தூரம் வந்தது என்று அளந்தும் வைத்திருக்கிறேன்.

இயெரோனிம் கோட்டை மேலும் கீழும் பார்த்தார். "காட்டுக்குள்ள ஒரு தெரு. உங்கப்பா போட்டாரு; நீ கூட்டிப் பெருக்கி வெச்சிருக்க" என்றார். நாடாவின் முனையை என் கையில் கொடுத்துவிட்டுப் பெட்டிகளைப் பார்க்கப் போய்விட்டார்.

என் நலம் பற்றி எழுதுவதாகச் சொன்னேன். உடம்பு நன்றாக இருக்கிறது.

புகாரைத் திரும்பப் பெறும் படிவத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பெருக்கல் குறி இட்ட இடத்தில் கையெழுத்திடு.

சபின்

*

ஸ்தெஷரேன், 9 மே 2004

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கையெழுத்திட்ட படிவம், கடிதம் எதுவும் இல்லாமல், 26-ஆம் தேதி வந்தது. படிவம் வந்தது என்பதால் நீ நலம் என்று எடுத்துக்கொள்கிறேன். நாங்களும் அப்படியே.

மறுநாளே அலுவலகத்துக்குப் போனேன். பொறுப்பில் இருந்தவர் இளம்பெண். திரும்பப் பெறுவதற்கான காரணம் என்ற இடத்தில், 'சேதத்தை விளைவித்தவர் புகார்தாரரே' என்று எழுதியிருந்தேன். அவர் இருமுறை படித்தார்.

"சார், இப்படி எழுதினா உங்க மேல நடவடிக்கை எடுக்கணும்."

"எடுங்க. அனுமதியில்லாம பதினோரு இளமரம் வெட்டியிருக்கேன். தேதியோட பட்டியல் இருக்கு."

"அதெல்லாம் எந்த வருஷத்துல சார்?"

"கடைசி மரம் தொண்ணூத்தி மூணுல."

"சார், அப்ப நான் அஞ்சாங் கிளாஸ். 'கருத்து மாறியது'ன்னு போட்டுக்கறேன். போயிட்டு வாங்க."

அகேசியா மரங்கள் நாற்பதும் நிற்கின்றன. உத்தரவு ரத்தான நகலை என் கையால் இயெரோனிமிடம் கொடுத்தேன்.

கிளம்பும் முன் அந்தப் பெண்ணிடம் இன்னொன்றும் கேட்டேன். 1975-இல் இதே அலுவலகத்தில் நான் கொடுத்த அறிக்கை ஒன்று உண்டு. அதைத் திரும்பப் பெற என்ன படிவம் என்று. உள்ளே போய்த் தேடிவிட்டு வந்தார்.

"அந்த வருஷத்து ஃபைலெல்லாம் எப்பவோ அழிச்சாச்சு சார். இல்லாத காகிதத்த எப்படி சார் வாபஸ் வாங்கறது?"

இருபத்தைந்து முளைகளையும் பிடுங்கிவிட்டேன். இனி நான் அந்த வழியில் போகக்கூடாது. போகாமல் இருப்பது ஒன்றுதான் செய்யக்கூடியது. மேலே கிளைகள் கைகோக்கப் பத்து ஆண்டு, காஞ்சொறி மெலிய இன்னும் பத்து, பிறகு எறும்பு மனம் வைக்க வேண்டும். அடுத்த ஏப்ரலில் உனக்கு எழுத என்னிடம் எண் எதுவும் இராது.

நகலைக் கொடுத்தபோது வேலியருகே வெகுநேரம் நின்றேன். இந்த ஆண்டு பூ தாமதம், ராணித் தேனீ இரண்டு செத்தது, மழை போதாது என்று பேசினோம். சொல்ல வேண்டியது வேறு. எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை, அக்கா. காகிதம் அழிந்துவிட்டது, பதினோரு மாதம் அழியவில்லை, அந்த வீடும் இல்லை. இதற்கு ஏதாவது முறை இருந்தால் எழுது. நீ எப்படி எழுதினாலும் செய்கிறேன்.

தம்பி,
சபின்

*

துரின், 22 மே 2004

அன்புத் தம்பி சபினுக்கு,

உன் கடிதம் இன்று காலை வந்தது, இன்றே எழுதுகிறேன். ஒர்னெல்லா அம்மாள் வெயிலில் உட்கார்ந்திருக்கிறார். "யாருக்கு எழுதற? முகம் இப்படி இருக்கு?" என்கிறார். தம்பிக்கு என்றேன். "அப்ப சரி, திட்டி எழுது" என்கிறார்.

திட்ட எனக்குத் தகுதியில்லை. நான் சொல்லாமல் விட்டது என்ன என்று அக்டோபரில் கேட்டாயே, சொல்கிறேன். அப்பாவை அடக்கம் செய்த மறுநாள், 1989 ஏப்ரலில், வீட்டில் கூட்டம் தாங்காமல் காட்டுக்குப் போனேன். உன் கயிற்று வழியில் நடந்தேன். வழி முழுக்கக் காஞ்சொறி குத்தியது. ஒதுங்கி மூன்று எட்டு வைத்தேன், காலடியில் பூ. எனக்கு அப்போதே புரிந்தது. அன்று மாலை நீ மேசையில் உட்கார்ந்து, 'நாற்பத்தைந்து மீட்டர்' என்று சொல்லிக்கொண்டே எழுதினாய். நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். நேராகப் பார்க்கிறவன் நேராகவே பார்த்துக்கொண்டு போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். கோபம் அப்படி. நான் அன்று சொல்லியிருந்தால் நாற்பது மீட்டர் பூ இருந்திருக்கும். அதை உன் பட்டியலில் என் பெயருக்கு எதிரே எழுது.

வடக்குப் பக்கம் எனக்கு எப்படித் தெரியும், யாரோடு அங்கே போனேன் என்று நீ ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அதற்கு நன்றி.

முறை கேட்டாய். மறுபடியும் நோட்டரி அலுவலகக்காரியிடம் போக வேண்டாம், இது எனக்கே தெரியும். காடு தாத்தாவுடையது என்று சட்டம் ஒப்புக்கொண்டுவிட்டது. இடையில் அரசு வைத்திருந்தது தப்பு என்பதால்தான் திருப்பிக் கொடுத்தார்கள். அப்படியானால் 1975-இல் நின்ற மரமும் நம்முடையதுதான். அவர் வெட்டியது இரண்டு. ஒன்று உன்னுடையது, ஒன்று என்னுடையது.

என்னுடையதை நான் அப்போதே அவருக்குக் கொடுத்துவிட்டேன். அவரிடம் போய் அதை மட்டும் சொல். உன்னுடையதை என்ன செய்வது என்று நீ வேலியருகே நின்று யோசித்துக்கொள்.

அக்கா,
வெத்தூரியா